வீடு கட்ட அனுமதி: நாமே வாங்கலாமா, வக்கீல் வைக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: "மதுரைக்கு வெளியே ஓர் ஊராட்சியில் அப்பா 1996-ல் வாங்கிய 1,200 சதுர அடி மனை இருக்கிறது. அப்பா 2019-ல் காலமாகிவிட்டார். அம்மா, நான், தங்கை மூவரும் இருக்கிறோம். கீழும் மேலுமாக ஒரு வீடு கட்ட ஆசை. அனுமதி வாங்கித் தர ஒரு வக்கீல் மொத்தமாக 60,000 ரூபாய் கேட்கிறார். இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, நீயே வாங்கிக்கொள் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?"

உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் நீங்கள் எழுதிய நான்கு வரிகளுக்குள் வக்கீல் பார்த்தே ஆக வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் அனுமதிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதனால்தான் 60,000 கேட்டவரிடம் போனாலும், நண்பர் பேச்சைக் கேட்டு நீங்களே உட்கார்ந்து விண்ணப்பித்தாலும், அவை இரண்டும் பார்க்கப்படாமலே போய்விடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் சிவில் இன்ஜினியர். 24 வருடமாக இந்தப் பக்கத்தில் வீட்டுக்குப் பிளான் போட்டு, அப்ரூவல் வாங்கிக் கொடுத்து, கட்டியும் கொடுக்கிறேன். வக்கீல் அல்ல. ஆனால் வக்கீல் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கட்டி நின்றுபோன வீடுகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அனுமதி. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மட்டுமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டும் வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் உடனே அனுமதி கிடைத்துவிடும். யாரும் நேரில் வந்து ஆய்வு செய்வதில்லை. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றும் தேவையில்லை. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டணம் மட்டும் சதுர அடிக் கணக்கில் உள்ளாட்சிக்குத் தகுந்தபடி மாறும், அதை இணையதளமே கணக்குப் போட்டுக் காட்டிவிடும்.

உங்கள் 1,200 சதுர அடியும் கீழும் மேலுமான வீடும் இதற்குள் அடங்கிவிடும். கேட்பவை கிரயப் பத்திரம், பட்டா, மனையின் புகைப்படம், பிளான், அவ்வளவுதான். பிளானை ஓர் இன்ஜினியரிடம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம், எவ்வளவு என்பது முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எல்லாம் இருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது, 2 என்பதால், 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடிக்கு மேல் கட்ட முடியாது. செட்பேக் விட்டுக் கணக்குப் பார்த்தால் இரண்டு தளத்தில் அதற்கும் குறைவாகத்தான் வரும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், பிளானிலேயே அதைக் காட்டிவிட வேண்டும். இந்த வேலை எதிலும் ஒரு வக்கீலுக்கு இடமே இல்லை. அவரிடம் கொடுத்தாலும் அவர் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் கொடுத்துப் போடச் சொல்வார்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், போன வருடம் என்னிடம் பிளான் மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, மீதியை மகள் உதவியோடு அவரே முடித்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் வந்து போன் செய்தார், அவ்வளவுதான். அவர் மனை டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவில் இருந்தது. அவரே நேராக வாங்கியது, பட்டா அவர் பெயரில் தனியாக இருந்தது. அப்படிப்பட்டவர் யாருக்கும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் நிலைமை அவருடையது மாதிரி இல்லை.

சுயசான்று என்ற சொல்லை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மனை என்னுடையது, அளவு சரி, விதிப்படிதான் கட்டுவேன் என்று நீங்களே சான்று கொடுக்கிறீர்கள். முன்பெல்லாம் அலுவலகத்தில் யாராவது ஃபைலைப் புரட்டுவார்கள். "பட்டா வேற பேர்ல இருக்கே, இது எப்படி?" என்று ஒரு கேள்வி வரும். அலைச்சல்தான், ஆனால் அந்தக் கேள்வி பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. பொய்யான விவரம் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது.

அதைவிட முக்கியமானது ஒன்று. கட்டட அனுமதி என்பது மனை உங்களுடையது என்பதற்கான அத்தாட்சி அல்ல. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரமே கிடையாது. நாளைக்கு ஒருவர் சிவில் கோர்ட்டில் "இதில் எனக்கும் பங்கு உண்டு" என்று வழக்குப் போட்டால், சீல் போட்ட பிளானைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவு. உரிமைக்குத் துணை நிற்கும் ஆவணம், ஆனால் உரிமையே அதுதான் என்று ஆகிவிடாது. உரிமை இருப்பது பத்திரத்திலும் வாரிசுரிமையிலும்தான்.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அப்பா உயில் எழுதி வைத்தாரா என்று நீங்கள் சொல்லவில்லை. உயில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் காலமான நாளிலேயே அது வாரிசுகளுக்குச் சம பங்காகப் போய்விட்டது. (வேறு மதத்தவர் என்றால் பங்கு வேறு மாதிரி, வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.) அம்மா, நீங்கள், தங்கை. தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் பங்கு ஒன்றுதான்.

மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். 2019-ல் அப்பா காலமானபோது உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தார்களா?

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இறந்துபோன ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் பங்கு மூன்று அல்ல, நான்கு. 1,200 சதுர அடியில் 300 சதுர அடிக்கான உரிமை பாட்டியுடையது. அதற்குப் பிறகு பாட்டியும் காலமாகியிருந்தால் அந்தக் கால் பங்கு, உயில் இல்லாத பட்சத்தில், பாட்டியின் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோருக்கும். உங்கள் அப்பா வழியில் உங்களுக்கும் தங்கைக்கும் அதில் ஒரு துண்டு வரும், ஆனால் மொத்தமும் வராது.

இதை எந்த இணையதளமும் உங்களுக்குச் சொல்லாது. வில்லங்கச் சான்றில் தெரியாது, ஏனென்றால் வில்லங்கத்தில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். சாவும் வாரிசும் பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால் அங்கேயும் விட்டுப்போகும். விட்டுப்போனதால் பாட்டியின் உரிமை போய்விடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. பிளான் நான் போட்டதுதான். பட்டா அவர் பெயருக்கு மாறியிருந்தது, அதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். பூமி பூஜைக்கு அவருடைய சித்தப்பாவும் வந்து நின்று ஆசீர்வாதம் செய்தார். அஸ்திவாரம் தோண்டி, பில்லர் எழுப்பி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தை எட்டும்போது சொந்தத்துக்குள் வேறு ஏதோ ஒரு விஷயத்தில் மனஸ்தாபம். அடுத்த மாதம் கோர்ட்டில் தடையாணை வந்துவிட்டது. பாட்டியின் பங்கு என்ற பேச்சே அப்போதுதான் முதல் தடவையாக எழுந்தது. நான்கு வருடம் அந்தக் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. கடைசியில் சமாதானமாகப் பேசித் தீர்த்தார்கள், ஆனால் பேங்க் வட்டி நான்கு வருடமும் ஓடியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு வக்கீலிடம் 5,000 ரூபாய்க்குள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. அன்றிலிருந்து வாரிசு வழியில் வந்த மனை என்றால், வக்கீலின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் நான் பிளானில் கையெழுத்துப் போடுவதில்லை.

பாட்டி அப்பாவுக்கு முன்பே காலமாகியிருந்தால் உங்கள் வேலை எளிது. மூவரும் சேர்ந்தே உரிமையாளர்களாக விண்ணப்பிக்கலாம். அல்லது அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம். குடும்ப உறுப்பினர்களுக்குள் இது நடந்தால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்தான். 2023 ஜூலையிலிருந்து அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. "எங்களுக்குள்ள என்ன சார் பத்திரம், தங்கச்சி ஒண்ணும் கேக்காது" என்று என்னிடம் சொல்லாத அண்ணனே கிடையாது. ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பது பதிவு செய்தால்தான் செல்லும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் என்ன விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும். அவளுக்கு ஒரு தொகை கொடுப்பதாக இருந்தால் அதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அம்மா முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு இருக்க இடமில்லாமல் நிற்கக் கூடாது. ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அம்மாவுக்கு வைத்து எழுதலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள், கேட்காவிட்டால் அச்சடித்த மாதிரி ஒரு படிவம்தான் வரும்.

அடுத்தது, வக்கீல் பார்க்க வேண்டிய இரண்டாவது விஷயம், அப்பா வரைக்கும் வரும் பத்திரச் சங்கிலி. அதற்கு முன் மனைப்பிரிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996-ல், ஓர் ஊராட்சியில் வாங்கிய மனை. அந்தக் காலத்தில் வயலை வாங்கிக் கல் நட்டு, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டு வைத்து விற்ற மனைகள் ஏராளம். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இருந்ததே இல்லை. அது சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அதன் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும் மற்ற இடங்களில் டிடிசிபிக்கும் உரியது. உங்கள் மனை அப்படிப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது நினைவிருக்கும். ஊரெங்கும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடிப் போன காலம் அது. அதற்குப் பிறகுதான் 2017-ல் வரன்முறை விதிகள், அதாவது அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்திக்கொள்ளும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா 1996-லேயே பதிவு செய்துவிட்டதால் விடுதலைப் பத்திரத்தைப் பதிவதில் சிக்கல் வராது. ஆனால் வரன்முறை செய்யாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது. அதனால் முதல் வேலையாகப் பத்திரத்தில் மனை எண்ணையும் மனைப்பிரிவின் பெயரையும் பாருங்கள். டிடிசிபி எண் இருக்கிறதா, இல்லையென்றால் மனைப்பிரிவுக்கோ உங்கள் மனைக்கோ ஏற்கெனவே யாராவது வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பக்கத்து மனையில் சமீபத்தில் வீடு கட்டியவரைக் கேட்டாலே பாதி விவரம் தெரிந்துவிடும். விண்ணப்பத்துக்கான காலக்கெடுவை அரசு பல தடவை நீட்டித்திருக்கிறது, நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் அது திறந்திருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரன்முறை விண்ணப்பத்தை நீங்களே செய்யலாம். அங்கே வக்கீல் தேவைப்படுவது ஒரே காரணத்துக்குத்தான். 1996-ல் உங்கள் அப்பாவுக்கு விற்றவர் உண்மையான உரிமையாளரா, உரிமையாளர் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து வேறொருவர் விற்றாரா, பவர் கொடுத்தவர் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா, மூலப்பத்திரத்திலிருந்து உங்கள் அப்பா வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா. அப்படி மனை போட்டு விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பவர் ஏஜென்டாகத்தான் விற்றார்கள். பவர் ஏஜென்ட், உரிமையாளர் சார்பில் முறையாகக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருந்தால் தவறில்லை. பவர் பத்திரத்தை மட்டும் கையில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அது விற்பனையே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என் வேலை, வக்கீலுடையது அல்ல. பத்திரத்தில் 30-க்கு 40 அடி என்று இருக்கும். எஃப்.எம்.பி. எனும் சர்வே வரைபடம் மீட்டரில் இருக்கும், 9.14-க்கு 12.19 வர வேண்டும். பாதி மனைகளில் வராது. தரையில் அளந்தால் மூன்றாவதாக ஓர் அளவு வரும். எல்லைக்கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போடும்போது அரை அடி தள்ளி நட்டிருப்பார். இந்த மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் நான் பிளான் போடுவேன். பத்திர அளவுக்குப் போட்டுவிட்டுக் கட்டும்போது இடம் பற்றவில்லை என்றால் செட்பேக்கில்தான் கை வைக்க வேண்டி வரும். அது விதிமீறல். சர்வேயர் அளவைக்குப் பணம் கட்டி, பக்கத்து மனைக்காரர்களையும் வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னால் கல் நடச் செய்யுங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. பிறகு சண்டை வந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதையும் இதோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

சரி, அந்த 60,000-க்கு வருவோம். தொகை அதிகமா குறைவா என்று நான் சொல்லப்போவதில்லை. எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். அரசுக் கட்டணம் இணையதளத்தில் கட்டுவது, அதற்கு ரசீது வரும். பிளான் போடும் இன்ஜினியருக்கு ஒரு தொகை. ஆவணங்களைப் படித்துக் கருத்து எழுதித் தர வக்கீலுக்கு ஒரு தொகை. விடுதலைப் பத்திரம் எழுத ஒரு தொகை. இப்படிப் பிரித்துச் சொன்னால் நீங்கள் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், மொத்தமா கொடுங்க" என்றால் அந்த மொத்தத்தில் வேறு யாருக்கோ போவதும் சேர்ந்திருக்கிறது. 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடைத்தரகர் வழியாகப் போனது என்பதால் உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஆகாது. சுயசான்று முறை வந்த பிறகு இந்தச் செலவுக்கு அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், இணையதளத்தில் கணக்குத் தொடங்கும்போது உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். பல இடங்களில் இன்ஜினியர் தன் எண்ணையே கொடுத்துவிடுவார். பிறகு அவரோடு மனக்கசப்பு வந்தாலோ அவர் ஊர் மாறிப் போனாலோ உங்கள் வீட்டு ஃபைலை நீங்களே பார்க்க முடியாது. அனுமதிக் கடிதம், சீல் போட்ட பிளான், கட்டண ரசீது மூன்றையும் அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது? சிவில் வழக்குகள், அதுவும் சொத்து வழக்குகள் நடத்துபவராக, உங்கள் தாலுகா கோர்ட்டில் தினமும் நிற்பவராக இருக்கட்டும். உள்ளூர்க்காரருக்கு அந்த மனைப்பிரிவைப் போட்டவர் யார், அவர் மேல் எத்தனை வழக்கு என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஆவணங்களின் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலை ஒரு தடவை காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தார், எந்த ஆண்டிலிருந்து வில்லங்கம் பார்த்தார், எது குறைகிறது, வாரிசுகள் யார் யார் என்று அதில் இருக்க வேண்டும். "டைட்டில் கிளியர்" என்று ஒரு வரி மட்டும் வந்தால் திருப்பிக் கொடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஜினியர் மீதும் கட்டட ஒப்பந்ததாரர் மீதும் போகலாம். ஆகவே அவர் எழுதித் தரும் அந்தத் தாள்தான் உங்களுக்கு எல்லாம்.

வீட்டுக்கடன் வாங்குவதாக இருந்தால் பேங்கும் தன் வக்கீலிடம் கருத்துக் கேட்கும், அதற்கும் உங்களிடம்தான் பணம் வாங்கும். "பேங்க் வக்கீலே பார்த்துட்டார், அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?" என்று கேட்பார்கள். அவர் பார்ப்பது பேங்குக்காக. கொடுத்த கடன் திரும்ப வருமா என்பதுதான் அவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி. அம்மாவின் வசிப்புரிமையோ தங்கைக்குச் சேர வேண்டிய தொகையோ அவர் கண்ணில் படாது. இருந்தாலும் அவருடைய கருத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சில பேங்குகள் கொடுக்கும்.

பணம்தான் தடை என்றால் ஒரு வழி இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் அம்மாவும் தங்கையும் அந்தத் தகுதிக்குள் வருகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பாட்டி பங்கு விஷயத்தில் பெரியப்பா, சித்தப்பா வீட்டோடு பேச வேண்டி வந்தால் அங்கேயே சமரசத்துக்கும் வழி செய்வார்கள். வழக்குப் போடாமலே முடிந்துவிடும்.

வக்கீலிடம் போவதற்கு முன் நீங்களே சில விஷயங்களைச் செய்துவிட்டால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம். பட்டா, அ-பதிவேடு (நில விவரங்கள் உள்ள வருவாய்ப் பதிவேடு), எஃப்.எம்.பி. மூன்றையும் வருவாய்த் துறை இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். அதில் 1996-ல் ஆரம்பிக்காமல் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னாலிருந்து பாருங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அப்பா பெயர், விற்றவர் பெயர், பெரியப்பா, சித்தப்பா பெயர்களைப் போட்டு ஏதாவது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தேடுங்கள். வில்லங்கத்தில் வராத வழக்கு அங்கே கண்ணில் படலாம். பாட்டியின் இறப்புச் சான்றையும் தேடி எடுத்து வையுங்கள், அதிலுள்ள தேதிதான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

அனுமதி வாங்கிக் கட்ட ஆரம்பித்த பிறகு வக்கீல் எப்போது வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57-வது பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ் வந்தால், அது அனுமதியில்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்வதும் வேலையை நிறுத்தச் சொல்வதும். அன்றைக்கே போங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் கவரிலேயே குறித்து வையுங்கள், கவரைத் தூக்கிப்போடாதீர்கள். பதில் எழுத்தில், ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் போக வேண்டும். கட்டடத்தை இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரு, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புகளுக்கு அது பொருந்தாது. அலுவலகத்துக்கு நேரில் போய் "நான் அனுமதி வாங்கியிருக்கேன் சார்" என்று வாயால் சொல்லிவிட்டு வருவது பதிலே ஆகாது. இந்த இடத்தில் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு தவறான வாக்கியத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவே பின்னால் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பக்கத்து மனைக்காரரோ சொந்தக்காரரோ "கோர்ட்டுக்குப் போய் நிறுத்தறேன் பார்" என்று மிரட்டினால் காத்திருக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் கேவியட் மனு போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்க முடியாது. சிறிய செலவுதான். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன அந்த வீட்டுக்காரர் மிரட்டல் வந்த அன்றைக்கே இதைச் செய்திருந்தால், தடை வருவதற்கு முன் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

பிளானில் இல்லாததைக் கட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் மேஸ்திரி சொல்வார், "சார், ஒரு ரெண்டடி வெளிய இழுத்தா ரூம் பெருசாகும்" என்று. முடிவுச் சான்று தேவையில்லாததால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அதிகாரி பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். அவர் போடும் ஒரு மனுவுக்குப் பிறகு அந்த இரண்டடியை எந்த வக்கீலாலும் காப்பாற்றுவது கஷ்டம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதியை மீறிக் கட்டியதை எத்தனை காலம் ஆனாலும் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் நியாயப்படுத்த முடியாது என்று மிகக் கடுமையாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் பாட்டியின் இறப்புச் சான்றையும் அப்பாவின் கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலைப் பார்ப்பேன். வாரிசு, பத்திரச் சங்கிலி இரண்டுக்கு மட்டும் எழுத்தில் கருத்துக் கேட்பேன். அதே வாரம் மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் விசாரிப்பேன். விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம், தேவைப்பட்டால் வரன்முறை, சர்வே என்று முடித்துவிட்டுத்தான் பிளானுக்கு உட்காருவேன். இதற்கே சில மாதம் ஆகலாம். அதற்குப் பிறகு அனுமதி வாங்குவது ஒரு மதிய நேர வேலை, அதற்கு உங்களுக்கு நானும் வேண்டாம், அந்த வக்கீலும் வேண்டாம். சர்வேயர் அளந்து முடித்ததும் நான்கு பக்க அளவையும் சாலையின் அகலத்தையும் எழுதுங்கள். செட்பேக் போக உங்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.